எட்டு ஹெலிகாப்டர் புறப்பட்டு ஐந்து மிஞ்சியது: 1980 ஈரான் மீட்பு முயற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

சிறப்புப் படைகளை ஒப்பிடும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு பட்டியலில் போய் நிற்கும். ஒன்று பயிற்சி. யாருடைய தேர்வு முகாம் கடுமை, முதுகில் எத்தனை கிலோ மூட்டை, நூறு பேர் போனால் எத்தனை பேர் தேறுவார்கள். இன்னொன்று களச் சாதனை. எந்த நடவடிக்கை வெற்றி, எது தோல்வி, எத்தனை பேரை மீட்டார்கள். இரண்டையும் கூட்டிக் கழித்து இந்தப் படை முதலிடம், அந்தப் படை மூன்றாமிடம் என்று முடித்துவிடுவார்கள்.

அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்க்க 1980 ஏப்ரலில் அமெரிக்காவின் டெல்டா படை பணயக்கைதிகளை மீட்க ஈரானுக்குள் போன கதையைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கடுமையான தேர்வு, மாதக்கணக்கில் பயிற்சி, பணத்துக்கும் கருவிக்கும் குறைவில்லை. ஆனாலும் எந்த வேலைக்குப் பழகினார்களோ அந்த வேலையைத் தொடங்கக்கூட முடியாமல், எட்டுப் பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பத்தே நாளில் பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். லண்டனில், அதுவும் ஈரான் தூதரகத்திலேயே, தொலைக்காட்சி நேரலையில் ஒரு மீட்பை நடத்திக் காட்டியது. உலகமே உட்கார்ந்து ஒப்பிட்டது. ஒப்பிட்ட விதம்தான் தப்பு என்பது என் கட்சி.

இதில் வரும் அதிகாரிகள் பலரின் பெயர் வரலாற்றில் பதிவானதுதான். ஆளைக் குற்றம் சொல்வது இங்கே நோக்கமில்லை என்பதால் பெயரை விட்டு, வகித்த பொறுப்பை மட்டும் சொல்கிறேன்.

பின்னணி

1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர் கூட்டம் ஒன்று பிடித்தது. பணயக்கைதிகளாகப் பிடித்தவர்களில் சிலரைச் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். மிச்சம் 53 பேர். அதில் மூன்று பேர் ஈரான் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில், மற்றவர்கள் தூதரக வளாகத்துக்குள்.

டெல்டா அப்போதுதான் பிறந்த குழந்தை. 1977 நவம்பரில் உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கிய அதிகாரி 1960களின் தொடக்கத்தில் பரிமாற்றத் திட்டத்தில் பிரிட்டனுக்குப் போய் 22 எஸ்.ஏ.எஸ். ரெஜிமென்ட்டில் பணி செய்தவர். அங்கே பார்த்ததை அமெரிக்க ராணுவத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பல வருடம் மேலதிகாரிகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு ஐரோப்பா விழித்துக்கொண்டது, மேற்கு ஜெர்மனி ஜி.எஸ்.ஜி. 9 என்ற பயங்கரவாத எதிர்ப்புப் படையை அமைத்தது. அந்தப் படை 1977 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் புகுந்து 86 பயணிகளையும் மீட்ட பிறகுதான் அமெரிக்காவில் கதவு நன்றாகத் திறந்தது.

அதனால் டெல்டாவின் தேர்வு முறை எஸ்.ஏ.எஸ். முறையின் நெருங்கிய சொந்தம். எஸ்.ஏ.எஸ். தேர்வுக்கு வருபவர்கள் வேல்ஸ் மலைகளில் வரைபடமும் திசைகாட்டியுமாகத் தனியாக நடப்பார்கள். கடைசி நடை ஏறக்குறைய 64 கி.மீ. கூட ஆள் கிடையாது, உற்சாகப்படுத்தவோ திட்டவோ யாரும் இல்லை, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதும் தெளிவாகச் சொல்லப்படாது என்ற அந்த முறையை டெல்டா வட கரோலினாவின் காடுகளுக்குக் கொண்டுபோனது. தேறியவர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் புகுந்து சுடும் பயிற்சி எடுத்தார்கள். பணயக்கைதி யார், ஆயுதக்காரன் யார் என்று கண் சிமிட்டும் நேரத்தில் பிரிக்கும் பயிற்சி அது. தூதரகம் பிடிபட்ட அதே நாட்களை ஒட்டித்தான் டெல்டாவின் இறுதி மதிப்பீட்டுப் பயிற்சியும் முடிந்திருந்தது. படை தயார் என்று முத்திரை குத்திய மை காயவில்லை, வேலை வந்துவிட்டது.

திட்டமும் அதன் காரணங்களும்

முதல் சிக்கல் தூரம். மொகடிஷுவில் ஓடுபாதை இருந்தது, சோமாலிய அரசின் ஒத்துழைப்பும் இருந்தது. 1976 ஜூலையில் இஸ்ரேல் 4,000 கி.மீ. பறந்து உகாண்டாவின் என்டெபியில் இறங்கியபோது அரசு எதிரணியில் இருந்தாலும், பணயக்கைதிகள் இருந்ததே விமான நிலையத்தில்தான். விமானம் நேராகப் போய் வாசலில் நிற்கலாம். தெஹ்ரான் அப்படியில்லை. லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம், அதன் நடுவில் பெரிய மதில் வளாகம், பக்கத்து நாடுகளில் உதவி செய்யத் தயாராக இருந்தவை மிகக் குறைவு.

அதனால் திட்டம் இரண்டு இரவுக்கு நீண்டது. முதல் இரவு, ஓமானின் மசீரா தீவிலிருந்து ஆறு சி-130 சரக்கு விமானங்கள். மூன்றில் ஆட்கள், மூன்றில் எரிபொருள். ஈரானுக்குள் தபஸ் ஊரை ஒட்டிய பாலைவனத்தில் ஓரிடத்தில் இறங்கும். அதற்கு ‘டெஸர்ட் ஒன்’ என்று பெயர் வைத்தார்கள். அரபிக் கடலில் நின்ற நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. தாழப் பறந்து அங்கே வந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு, டெல்டாவை ஏற்றிக்கொண்டு தெஹ்ரானுக்குப் பக்கத்தில் இன்னோர் இடத்துக்குப் போகும். பகல் முழுக்க ஒளிந்திருக்க வேண்டும். இரண்டாம் இரவு லாரிகளில் நகரத்துக்குள் போய் வளாகத்தைத் தாக்கி, கைதிகளை எதிரே இருந்த கால்பந்து மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹெலிகாப்டர்கள் அங்கே வந்து ஏற்றிக்கொண்டு மன்சரியே விமானத் தளத்துக்குப் போகும். அதை அதற்குள் அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பிரிவினர் பிடித்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து பெரிய விமானங்களில் வெளியே.

எழுதும்போதே மூச்சு வாங்குகிறது. இதில் டெல்டா பழகிய வேலை, அதாவது சுவர் ஏறி அறை புகுந்து ஆளைப் பிரித்துச் சுடுவது, மொத்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி.

ஹெலிகாப்டர் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எடுத்தது கடற்படையின் ஆர்.எச்-53டி. கடல் கண்ணிவெடிகளை அகற்றுவதற்கான வண்டி அது. ஏன் அது? தூரம் போகும், சுமை தாங்கும், விசிறியை மடித்துக் கப்பலின் கீழ்த்தளத்தில் வைக்கலாம், விமானந்தாங்கிக் கப்பலில் அது நிற்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாலும் நியாயமான காரணங்கள். ஆனால் அதை ஓட்டிய கடற்படை ஓட்டுநர்களுக்கு இருட்டில் விளக்கில்லாமல் நிலத்தின் மேல் தாழப் பறக்கும் பழக்கம் இல்லை. பயிற்சியில் அது தெரிந்ததும் அவர்களுக்குப் பதில் பெரும்பாலும் மரைன் படையின் ஓட்டுநர்களை அமர்த்தினார்கள். மரைன்களுக்கும் இவ்வளவு நீண்ட பயணம் புதிது. நெடுந்தூர மீட்புப் பறத்தலில் தேர்ந்தவர்கள் விமானப்படையில் இருந்தார்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டரை வியட்நாமில் ஓட்டியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை எடுத்திருக்கலாமே என்று பின்னால் விசாரணைக் குழுவும் கேட்டது.

எண்ணிக்கை? டெஸர்ட் ஒன்னிலிருந்து மேலே போகக் குறைந்தது ஆறு வேண்டும். இரண்டு உபரி. ஆக மொத்தம் எட்டு. ரகசியம் கெட்டுவிடும் என்ற பயத்தில் உபரியைக் கூட்டவில்லை.

அந்த ரகசியம்தான் பயிற்சியின் வடிவத்தையும் தீர்மானித்தது. டெல்டா ஒரு மாநிலத்தில் பழகியது, ஹெலிகாப்டர்கள் அரிசோனாவின் பாலைவனத்தில், ரேஞ்சர்கள் வேறோரிடத்தில். பகுதி பகுதியாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். எல்லாரும் எல்லாமும் ஒன்றாகச் சேர்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழு ஒத்திகை ஒருநாளும் நடக்கவில்லை. ‘பயிற்சி எத்தனை மாதம்’ என்ற கட்டத்தில் ஐந்து மாதம் என்று போட்டுவிடலாம். யாரோடு சேர்ந்து பழகினார்கள் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டமே கிடையாது.

அந்த இரவு கண்டது

ஏப்ரல் 24 மாலை எட்டு ஹெலிகாப்டர்களும் கப்பலை விட்டுக் கிளம்பின. இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றில் விசிறித் தகட்டின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தகட்டுக்குள் அழுத்தத்தில் வைத்திருக்கும் வாயு கசிந்தால் எரியும் விளக்கு. விரிசல் இருக்கலாம் என்று பொருள். ஓட்டுநர் விதிப்படி இறங்கினார், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இன்னொரு ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டார்கள். அந்த வகை வண்டியில் அதற்கு முன் வந்த இதேபோன்ற எச்சரிக்கைகள் பெரும்பாலும் விரிசலால் வந்தவை அல்ல என்பது பின்னால் விசாரணையில் பேசப்பட்டது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. சமாதான காலத்து விதியை அந்த இரவுக்கென்று மாற்றி யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

அப்புறம் புழுதி. புயல் என்றுகூடச் சொல்ல முடியாது. காற்றில்லாமல் அப்படியே தொங்கும் மெல்லிய தூசி மேகம், பல கி.மீ. நீளம். உள்ளே போனால் தரையும் தெரியாது வானமும் தெரியாது. இரவுக்கண்ணாடியும் அதற்குள் பெரிதாக உதவவில்லை. வெப்பம் வேறு. முதல் மேகத்தைத் தாண்டி வந்ததும் அதைவிட அடர்த்தியாக இரண்டாவது.

இப்படி ஒன்று வரலாம் என்பது வானிலைக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஆவணத்தின் ஓர் இணைப்பில் எழுதியும் இருந்தது. ஹெலிகாப்டர் ஓட்டுநர்கள் கைக்கு அது வரவில்லை. வானிலைக்காரர்களும் ஓட்டுநர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவே விடவில்லை, காரணம் அதே ரகசியம். முன்னால் போன சி-130 விமானங்கள் அந்தத் தூசியைக் கண்டன. ரேடியோவில் பேசக் கூடாது என்பது உத்தரவு, பின்னால் வருபவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தூசிக்குள் இன்னொரு ஹெலிகாப்டரில் திசை காட்டும் கருவிகள் கெட்டன. மலை இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. அதன் ஓட்டுநர் கப்பலுக்குத் திரும்பினார். இன்னும் அரை மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்திருந்தால் தூசியைத் தாண்டித் தெளிந்த வானத்துக்கு வந்திருப்பார். டெஸர்ட் ஒன்னில் வானம் தெளிவு என்று தெரிந்திருந்தால் தொடர்ந்திருப்பேன் என்று அவர் பின்னால் விசாரணையில் சொன்னார். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். திறமைக் குறைவும் இல்லை, துணிச்சல் குறைவும் இல்லை. ஒரு வரித் தகவல் போய்ச் சேரவில்லை.

இதற்குள் டெஸர்ட் ஒன்னில் வேறு கூத்து. அந்த இடத்தின் நடுவே மண் சாலை ஒன்று போகிறது. விமானம் இறங்கிய சில நிமிடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு பேருந்து வந்து நின்றது, எல்லாரையும் பிடித்து உட்கார வைத்தார்கள். அடுத்து ஓர் எரிபொருள் லாரி. நிற்கவில்லை, ராக்கெட்டால் அடித்தார்கள், அது பாலைவனத்தில் பந்தம்போல எரிந்தது. லாரி ஓட்டுநர் பின்னால் வந்த சிறு வண்டியில் தாவி ஏறித் தப்பிவிட்டார்.

தரையும் மாறியிருந்தது. சில வாரம் முன்பு ஒரு சிறு விமானத்தில் ஆளை அனுப்பி மண் மாதிரி எடுத்து வந்தபோது தரை கெட்டியாக இருந்தது. இப்போது கணுக்கால் புதையும் தூள் மண். விமானங்களின் எஞ்சின்கள் ஓடிக்கொண்டேயிருக்க, இரைச்சலில் பேச்சு கேட்காது, தூசியில் முகம் தெரியாது.

நிறுத்துவது என்ற முடிவு

ஆறு ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்தன, ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமாக. ஆறு போதும். ஆனால் அதில் ஒன்றில் ஹைட்ராலிக் பம்பு கெட்டிருந்தது. மிச்சமிருக்கும் ஒற்றை அமைப்பை நம்பி முழுச் சுமையோடு பறக்க ஹெலிகாப்டர் குழுத் தலைவர் சம்மதிக்கவில்லை. ஆக ஐந்து.

ஐந்தோடு போகலாமா என்ற கேள்வி வந்தது. போகலாம் என்றால் டெல்டாவில் ஏறக்குறைய இருபது பேரை விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த இருபது பேரை? ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர், ஓர் அறை, ஒரு வேலை என்று மாதக்கணக்கில் பழகியிருக்கிறார்கள். போதாததற்கு, அடுத்த இரவு கைதிகளை ஏற்றும் நேரத்தில் இன்னொரு வண்டியும் கெடாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? டெல்டாவின் தலைவர் முடியாது என்றார். செய்தி மேலே போனது, வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது.

இந்த முடிவைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. என் கணக்கில் அந்த இரவில் எடுத்த முடிவுகளிலேயே சரியானது இதுதான். ஆறுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முன்கூட்டியே, நிதானமான நேரத்தில் வகுத்திருந்தார்கள். நேரம் வந்தபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் அதைக் கரைத்துவிட அவர்கள் விடவில்லை.

சாவு வந்தது அதற்குப் பிறகு. கிளம்பும் ஏற்பாட்டில் ஒரு ஹெலிகாப்டர் இடம் மாற வேண்டியிருந்தது. தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியதும் அதன் விசிறிக் காற்றே தூசியைக் கிளப்பிக் கண்ணை மறைத்தது. பக்கத்தில் எரிபொருளோடும் ஆட்களோடும் நின்ற சி-130 மீது மோதியது. இரண்டும் தீப்பிடித்தன. விமானத்துக்குள் இருந்த டெல்டா வீரர்கள் எரியும் கதவு வழியாகக் குதித்துத் தப்பினார்கள். விமானப்படையினர் ஐந்து பேர், மரைன்கள் மூன்று பேர் இறந்தார்கள். வெடித்துச் சிதறும் இடத்தில் நிற்க முடியாமல், மிஞ்சியிருந்த ஐந்து ஹெலிகாப்டர்களையும் அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை மட்டும் விமானங்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரகசிய ஆவணங்கள்கூட உள்ளே கிடந்தன.

பழகிய திறமை ஒன்றையும் காட்ட டெல்டாவுக்கு அந்த இரவில் வாய்ப்பே வரவில்லை. ‘களச் சாதனை’ கட்டத்தில் அதன் பெயருக்கு எதிரே தோல்வி என்று எழுதியாயிற்று.

விசாரணை சொன்னது

ஈரான் கைதிகளைப் பிரித்துப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனது, அதனால் உடனே இன்னொரு முயற்சி நடக்க வழியில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் முதலிலிருந்தே இதை எதிர்த்தவர், பதவி விலகினார்.

பணியில் இருந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக ஆறு மூத்த அதிகாரிகள் கொண்ட குழு ஆராய்ந்து, அந்த ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. 23 விஷயங்களைப் பார்த்தார்கள், அதில் 11 பெரியவை என்றார்கள். அறை புகும் பயிற்சியைப் பற்றிக் குறை எதுவும் முன்னால் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு: ரகசியத்தின் பேரில் ஆளுக்கு ஆள் தகவலை மறைத்தது, வெளியாள் ஒருவர் திட்டத்தை அலசிப் பார்க்காதது, முழு ஒத்திகை இல்லாதது, களத்தில் யார் தலைவர் என்பது தெளிவில்லாதது, ஹெலிகாப்டர் எண்ணிக்கை. பழைய பழுதுக் கணக்கை வைத்துப் பார்த்தால் குறைந்தது பத்தாவது அனுப்பியிருக்க வேண்டும், பதினொன்று, பன்னிரண்டு வரைகூடப் போயிருக்கலாம் என்று குழு எழுதியது.

டெஸர்ட் ஒன்னில் மட்டும் நான்கு தலைவர்கள் இருந்தார்கள். இடத்துக்கு ஒருவர், ஹெலிகாப்டருக்கு ஒருவர், விமானத்துக்கு, தாக்கும் படைக்கு என்று. இருட்டில் யார் யாரென்று காட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஹெலிகாப்டரை விட்டுவிட்டு விமானத்தில் ஏறுங்கள் என்று ஒருவர் வந்து சொன்னபோது, ‘நீங்கள் யார்’ என்று கேட்கும் நிலை.

பத்து நாளில் லண்டன்

மே 5. லண்டன் பிரின்சஸ் கேட்டில் ஈரான் தூதரகத்தை ஆறு ஆயுதக்காரர்கள் பிடித்து ஆறாவது நாள். பணயக்கைதி ஒருவரைக் கொன்று உடலை வெளியே போட்டதும் எஸ்.ஏ.எஸ். உள்ளே புகுந்தது. 17 நிமிடம். ஐந்து ஆயுதக்காரர்கள் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். தாக்குதல் நேரத்தில் இன்னொரு பணயக்கைதி கொல்லப்பட்டார், மற்றவர்கள் மீண்டார்கள்.

அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் பிசகு நடந்தது. கயிற்றில் இறங்கிய வீரர் ஒருவர் நடுவில் சிக்கிக்கொண்டார், கீழே சன்னலில் எரிந்த நெருப்பு காலைச் சுட்டது. திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டதால் அவசரமாக நுழைய வேண்டியிருந்தது. அவற்றைத் தாங்க இடம் இருந்தது. படை தன் முகாம் இருந்த ஹெரிஃபோர்டிலிருந்து சாலை வழியாக வந்து சேர்ந்தது. கட்டடத்தைப் போலவே மாதிரி கட்டிப் பழக நாட்கள் கிடைத்தன. சுற்றிலும் சொந்தப் போலீஸ், பின்னால் சொந்த மருத்துவமனை. ஈரானில் அதே அளவு பிசகு நடந்தால் ஆயிரம் கி.மீ.க்குள் உதவி கிடையாது.

அதே எஸ்.ஏ.எஸ்.ஸை 1991 ஜனவரியில் ஈராக் பாலைவனத்தில் பாருங்கள். அதே மலையில் நடந்து அதே தேர்வில் தேறிய எட்டுப் பேர் கொண்ட ரோந்துக் குழு. தொடர்புக்குக் கொடுத்த ரேடியோ அலைவரிசை தப்பு, எதிர்பாராத கடுங்குளிர், போக்குவரத்து வண்டியும் கையில் இல்லை. மூன்று பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிடிபட்டார்கள், ஒருவர் மட்டும் நடந்தே சிரியா எல்லையைத் தாண்டினார். தேர்வு முகாம் எளிதாகிவிட்டதா என்ன?

எகிப்து உதாரணம் இன்னும் கசப்பானது. 1978 பிப்ரவரியில் சைப்ரஸின் லார்னகா விமான நிலையத்தில் எகிப்தியக் கமாண்டோக்கள் சைப்ரஸ் அரசின் அனுமதி இல்லாமல் இறங்கிப் பணயக்கைதிகள் இருந்த விமானத்தை நோக்கி ஓடினார்கள், சைப்ரஸ் தேசியக் காவல் படை அவர்கள்மேலேயே சுட்டது. கமாண்டோக்கள் 15 பேர் இறந்தார்கள். எந்தப் பயிற்சிக் குறை அதற்குக் காரணம்? உள்ளூர் அரசோடு பேசி முடிக்காதது, அவ்வளவுதான்.

பிறகு நடந்தவை

கைதிகள் பேச்சுவார்த்தையில்தான் வெளியே வந்தார்கள், 1981 ஜனவரி 20 அன்று, 444 நாளுக்குப் பிறகு. அதற்கு முன் இரண்டாம் முயற்சிக்குத் தயாரிப்பு நடந்தது. கால்பந்து மைதானத்திலேயே இறங்கி ஏறும்படி சி-130 விமானத்தில் ராக்கெட் பொருத்திப் பார்த்தார்கள். அக்டோபர் சோதனையில் அது தரையில் மோதி நொறுங்கியது.

நிலைத்தது வேறொரு தயாரிப்பு. இருட்டில் தாழப் பறப்பதையே தொழிலாகக் கொண்ட ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றை 101ஆம் வான்வழிப் படையின் ஓட்டுநர்களை வைத்து உருவாக்கினார்கள். அதுதான் 160ஆவது பிரிவு. 1980 டிசம்பரில் இந்தப் படைகளை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவரக் கூட்டுக் கட்டளையகம் வந்தது. இதெல்லாம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 1983 அக்டோபரில் அமெரிக்கா படையெடுத்த கரீபியன் தீவான கிரெனடாவில் டெல்டா தாக்க வேண்டிய சிறைச்சாலைக்கு ஹெலிகாப்டர்கள் தாமதமாகி விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தன, கீழிருந்து சரமாரியாகச் சுட்டதில் தாக்குதலையே கைவிட்டார்கள். கடற்படையின் சீல் வீரர்கள் நான்கு பேர் கடலில் பாராசூட்டில் இறங்கும்போது மூழ்கி இறந்தார்கள். அதற்கும் பிறகு நாடாளுமன்றமே தலையிட்டுச் சட்டம் போட்டு, 1987 ஏப்ரலில் எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் தனிக் கட்டளையகமும் தனி நிதியும் கொடுத்தது.

2011 மே மாதம் பின்லேடனைத் தேடி அமெரிக்கப் படை போன பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் என்ன நடந்தது என்று இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. ஒத்திகைக்குக் கட்டிய மாதிரியில் சுற்றுச்சுவருக்குப் பதில் கம்பி வேலி இருந்ததால் விசிறிக் காற்று வேறு மாதிரி நடந்துகொண்டது என்பார்கள். ஆனால் உபரி ஹெலிகாப்டர்கள் பக்கத்தில் காத்திருந்தன, ஓட்டியவர்கள் அந்த 160ஆவது பிரிவினர், தாக்கும் படையும் அவர்களும் பல முறை ஒன்றாகப் பழகியவர்கள். விழுந்ததை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

ஒப்பிடும் முறையில் என்ன மாற வேண்டும்

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கும் கேள்விகள் மாற வேண்டும். அந்தப் படையை ஏற்றிப் போவது யார், அவர்களோடு எத்தனை முறை சேர்ந்து பழகியிருக்கிறார்கள்? சொந்த ஊரில் செய்த வேலையா, எதிரி நிலத்தில் செய்ததா? உபரி எவ்வளவு? தகவல் கடைசி ஓட்டுநர் வரை போகிறதா? வெற்றி தோல்வியை எண்ணுவதற்கு முன் இவற்றைப் போட்டுப் பார்த்தால், 1980இல் டெல்டாவும் எஸ்.ஏ.எஸ்.ஸும் ஒரே பரீட்சை எழுதவே இல்லை என்பது தெரிந்துவிடும். லண்டன் எஸ்.ஏ.எஸ். குழுவை அந்த எட்டு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பியிருந்தால் அவர்களும் டெஸர்ட் ஒன்னில்தான் நின்றிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. ஜி.எஸ்.ஜி. 9, எஸ்.ஏ.எஸ். இரண்டையும் பார்த்து 1984இல் அமைத்த தேசியப் பாதுகாப்புப் படையின் பயிற்சியைப் பற்றி 2008 நவம்பரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மும்பையில் தாக்குதல் தொடங்கியது இரவு ஒன்பதரை வாக்கில். ஆட்கள் டெல்லியை ஒட்டிய மானேசரில், அவர்களை ஏற்ற வேண்டிய விமானம் சண்டிகரில். கமாண்டோக்கள் களத்தில் இறங்கியபோது மறுநாள் காலை. அடுத்த வருடமே மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் என்று நான்கு ஊர்களில் அந்தப் படைக்கு மையங்கள் திறந்தார்கள்.